வினையூக்கியை வைவாவிலிருந்து ஆய்வகத்துக்குக் கொண்டுவாருங்கள்: செட்டிநாட்டுக் கல்லூரிகளின் வேதியியல் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துறைத் தலைவர்களே, பாடத்திட்டக் குழு உறுப்பினர்களே, வணக்கம்.

எம்.எஸ்சி. வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், வினையூக்கி என்றால் என்ன என்று கேட்டால், "வினையில் பங்கேற்காமல் வேகத்தை மட்டும் கூட்டும் பொருள்" என்ற விடை வருகிறது. அதற்கு மதிப்பெண்ணும் விழுகிறது. அந்த விடை தவறு. இரண்டு கரிமத் தொகுதிகளை ஒட்டவைக்கும் சுசுகி இணைப்பு வினையில் வினையூக்கியான பலேடியம் பூச்சிய நிலையிலிருந்து இரண்டாம் ஆக்சிஜனேற்ற நிலைக்குப் போகிறது. அயோடினோடு இருந்த கரிமத் தொகுதியையும் போரானோடு இருந்த கரிமத் தொகுதியையும் தன்மேல் ஏற்றுக்கொள்கிறது. இரண்டையும் ஒட்டவைத்து வெளியே தள்ளியபின் மீண்டும் பூச்சியத்துக்கு வருகிறது. இதைவிட முழுமையாக ஒரு பொருள் வினையில் பங்கேற்க முடியாது. இந்தச் சுழற்சியைத் தேர்வுத் தாளில் அழகாக வரையும் மாணவர்கூட, பலேடியம் இட்ட குடுவைக்கும் இடாத குடுவைக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணால் பார்க்காமலேயே பட்டம் வாங்கிப் போகிறார்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். முதுகலைக் கரிம வேதியியல் செய்முறையில் இருகூறு கலவைப் பகுப்பாய்வுக்கு ஒதுக்கியிருக்கும் வகுப்புகளில் பாதியை எடுத்து, மூன்று வினையூக்கச் சோதனைகளுக்குக் கொடுங்கள். பகுப்பாய்வை முழுதாக ஒழிக்கச் சொல்லவில்லை. ஆலசனைக் காட்டும் செப்புக் கம்பிச் சுடர்ச் சோதனையும், ஆல்டிஹைடைக் காட்டும் டி.என்.பி. (டைநைட்ரோ பினைல்ஹைட்ரசீன்) சோதனையும் கீழே சொல்லும் சோதனைகளுக்கே தேவைப்படுகின்றன. அசிட்டனிலைடு, டைநைட்ரோ பென்சீன் போன்ற ஒற்றைப் படித் தயாரிப்புகளை இளங்கலையோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பது எங்கள் கருத்து.

ஏன் இந்த மூன்று, ஏன் இப்போது என்று கேட்பீர்கள். கரிம வேதியியலில் வினையூக்கத்துக்கு 2001, 2005, 2010, 2021 என்று நான்கு முறை நோபல் பரிசு கிடைத்திருப்பது ஒருபக்கம் இருக்கட்டும். இந்த வட்டாரத்து மாணவர் கரிம வேதியியலில் ஆய்வுக்குப் போனாலும் மருந்து நிறுவன வேலைக்குப் போனாலும் முதல் நாள் கையில் வருவது வினையூக்க வினைதான். ரத்த அழுத்தத்துக்குத் தரும் லோசார்டன் மாத்திரையின் நடுவே இருப்பது இரண்டு பென்சீன் வளையங்கள் இணைந்த பைபினைல் எலும்புக்கூடு. அதைச் சுசுகி வினையால் கட்டும் முறை 1990களிலேயே வந்துவிட்டது. அந்த வேலையில் இருப்பவரின் கவலை விளைச்சலோடு முடிவதில்லை. வாய்வழி மருந்தில் பலேடியம் ஒரு நாளைக்கு 100 மைக்ரோகிராமுக்கு மேல் உடலுக்குள் போகக்கூடாது என்பது பன்னாட்டு மருந்துத் தர வழிகாட்டியின் வரம்பு. வினையை ஓட்டுவதற்கு ஆகும் காலத்தைப்போல, வினை முடிந்தபின் உலோகத்தைக் கரியாலும் தயால் தொகுதி ஏற்றிய சிலிக்காவாலும் உறிஞ்சி எடுக்கவும் காலம் ஆகும். நெட் தேர்வில் தேறி ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை வாங்குபவருக்கு 2023 சனவரி முதல் மாதம் ₹37,000 கிடைக்கிறது. அந்த உதவித்தொகையின் முதல் ஆண்டை, 10 மில்லிகிராம் வினையூக்கியை எப்படி எடைபோடுவது என்று கற்பதில் கழிக்கிறார்கள்.

முதல் சோதனை, டெம்போ என்ற கரிம வினையூக்கியைக் கொண்டு செய்யும் ஆக்சிஜனேற்றம். 4-நைட்ரோ பென்சைல் ஆல்கஹாலை 4-நைட்ரோ பென்சால்டிஹைடாக மாற்றுவது. இதை முதலில் வைப்பதற்குக் காரணம், உலோகமே இல்லை, கடையில் விற்கும் ப்ளீச் திரவம் போதும், கிடைக்கும் ஆல்டிஹைடை அடுத்த சோதனைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு குழுவுக்கு ஆல்கஹால் 766 மி.கி., அதாவது 5 மில்லிமோல். அதை 15 மி.லி. எத்தில் அசிட்டேட்டில் கரையுங்கள். டெம்போ 1 மோல் சதவீதம் (ஆல்கஹாலின் மோல் அளவில் நூற்றில் ஒன்று), அதாவது 8 மி.கி. போதும். இரண்டு தசமத் தராசில் 8 மி.கி. நிறுக்க முடியாது. ஆகவே 80 மி.கி. டெம்போவை 10 மி.லி. எத்தில் அசிட்டேட்டில் கரைத்து வைத்துக் குழுவுக்கு 1 மி.லி. கொடுங்கள். பொட்டாசியம் புரோமைடையும் 600 மி.கி.க்கு 10 மி.லி. தண்ணீர் என்று கரைத்து அதேபோல 1 மி.லி. கொடுக்கலாம். குடுவையைப் பனிக்கட்டித் தொட்டியில் வைத்து, சோடியம் பைகார்பனேட்டால் பி.எச். 9 அளவுக்குக் கொண்டுவந்த ப்ளீச்சைச் சொட்டுச் சொட்டாக 15 நிமிடத்தில் சேர்க்க வேண்டும். வெப்பம் 10 டிகிரி தாண்டக்கூடாது. கடை ப்ளீச்சின் பி.எச். 12க்கு மேல் இருக்கும். அப்படியே ஊற்றினால் வினை நகராது. ஹைப்போகுளோரஸ் அமிலமாக மாறிய பகுதிதான் கரிம அடுக்கில் வேலை செய்கிறது என்பது காரணம்.

இங்கே பெரும்பாலும் கெடுவது ப்ளீச்சின் வலிமை. புட்டியில் 4 சதவீதம் என்று போட்டிருக்கும். நம்ம ஊர் வெயிலில் மாதக்கணக்கில் கிடங்கில் கிடந்தால் அந்த வலிமை இராது. ஆகவே அன்று காலையே அளக்க வேண்டும். 10 மி.லி. ப்ளீச்சை 100 மி.லி. ஆக்கி, அதில் 10 மி.லி. எடுத்து, முதலில் மிகையான பொட்டாசியம் அயோடைடு, அதன்பின் அசிட்டிக் அமிலம், பிறகு 0.1 நார்மல் தயோசல்பேட். இந்த வரிசையை மாற்றக்கூடாது. அயோடைடு இல்லாமல் அமிலம் விழுந்தால் குளோரின் வாயு வரும். புட்டியில் உண்மையிலேயே 4 சதவீதம் இருந்தால் டைட்டர், அதாவது செலவாகும் தயோசல்பேட், 10.7 மி.லி. வரும். 1.1 சமானம் ப்ளீச் வேண்டுமானால் 110-ஐ டைட்டரால் வகுத்துக்கொள்ளலாம். 10.7 வந்தால் 10.3 மி.லி., 6 வந்தால் 18.3 மி.லி. கனிமச் செய்முறையில் இரண்டு ஆண்டுகளாகச் செய்த அயடோமெட்ரி டைட்ரேஷன் கரிம ஆய்வகத்தில் முதன்முறையாகப் பயன்படுவதை மாணவர் இங்கே உணர்வார்.

ப்ளீச் அதிகமானால் ஆல்டிஹைடு 4-நைட்ரோ பென்சாயிக் அமிலம் வரைக்கும் போய்விடும். பைகார்பனேட் கரைசலால் அலசினால் அமிலம் நீர் அடுக்கோடு போய்விடும், ஆனால் போனது விளைச்சல். நிறத்தை நம்பி வினையை நிறுத்த வேண்டாம், பொருள்களைத் தட்டில் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் டி.எல்.சி. பார்க்கச் சொல்லுங்கள். தட்டை டி.என்.பி. கரைசலில் தோய்த்தால் ஆல்டிஹைடுப் புள்ளி ஆரஞ்சு மஞ்சளில் தெரியும், ஆல்கஹால் தெரியாது. முடிந்ததும் தயோசல்பேட்டால் மீந்த ப்ளீச்சை அழித்து, ஸ்டார்ச்சு அயோடைடு தாளில் நீலம் வராததை உறுதிசெய்த பிறகே கரைப்பானை ஆவியாக்க வேண்டும். உருகுநிலை 105–107 டிகிரி. 600 மி.கி. கிடைத்தால் கிட்டத்தட்ட 80 சதவீதம்.

இதே வினையை ப்ளீச்சே இல்லாமல், டெம்போவை மின்வாயில் மீளாக்கம் செய்தும் ஓட்டலாம். 1948 சூலை 25-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 சனவரி 14-இல் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் காரைக்குடியிலேயே இருக்கிறது. அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்த நிறுவனம். அதன் வாசலைத் தாண்டித் தினமும் பேருந்தில் போகும் மாணவருக்கு, மின்சாரமும் ஒரு ஆக்சிஜனேற்றி என்பதைச் செய்முறையில் காட்டாமல் விடுவது நமக்கு அழகல்ல. ஆனால் அது இரண்டாம் ஆண்டுத் திட்டப்பணிக்கு உரியது. இந்த மடலில் அதற்கு மேல் விரிக்கவில்லை.

இரண்டாவது சோதனை, மேலே கிடைத்த ஆல்டிஹைடை அசிட்டோனோடு எல்-புரோலின் என்ற அமினோ அமிலத்தை வினையூக்கியாகக் கொண்டு இணைப்பது. 2000-இல் பெஞ்சமின் லிஸ்ட், ரிச்சர்டு லெர்னர், கார்லோஸ் பார்பாஸ் மூவரும் வெளியிட்ட வினை. 30 மோல் சதவீதப் புரோலினில் 68 சதவீத விளைச்சலும் 76 சதவீத ஒளியியல் மிகையும் (ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பமான இரு வடிவங்களில் ஒன்று மற்றதைவிட மிகுந்திருக்கும் அளவு) கண்டார்கள். லிஸ்டுக்கு 2021-இல் கிடைத்த நோபல் பரிசின் வேர் அதில் இருக்கிறது. ஆல்டிஹைடு 302 மி.கி., புரோலின் 69 மி.கி., கரைப்பானாக டி.எம்.எஸ்.ஓ. 16 மி.லி., அசிட்டோன் 4 மி.லி. அவ்வளவுதான். நைட்ரஜன் வேண்டாம், சூடு வேண்டாம். புரோலின் கரைந்தபின் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டிய அவசியமும் இல்லை என்பதால் மின்வெட்டைப் பற்றிக் கவலை இல்லை. மாலையில் மூடி வைத்து மறுநாள் டி.எல்.சி. பார்க்கலாம்.

கெடும் இடங்கள் மூன்று. அவசரப்பட்டுச் சூடேற்றினால் ஆல்டால் நீரிழந்து ஈனோனாகிவிடும். கண்ணாடி பிம்ப வடிவங்களுக்குக் காரணமான கைரல் மையம் போய்விட்டபின், ஒளியைத் திருப்பும் சுழற்சியும் இராது. டி.எம்.எஸ்.ஓ. நீரிலும் எத்தில் அசிட்டேட்டிலும் கலக்கும் பிடிவாதக்காரன். அம்மோனியம் குளோரைடு கரைசல் 20 மி.லி. சேர்த்து மூன்று முறை எத்தில் அசிட்டேட்டில் பிரித்து, அந்த அடுக்கை மூன்று முறை உப்பு நீரால் அலசவில்லை என்றால் விளைபொருள் கடைசிவரை எண்ணெயாகவே நிற்கும். மூன்றாவதுதான் யாரும் எதிர்பார்க்காதது. புரோலினுக்கே நீரில் சுமார் மைனஸ் 85 டிகிரி தன்சுழற்சி உண்டு. அலசல் சரியில்லாமல் அது மீந்துவிட்டால், நீங்கள் அளப்பது விளைபொருளையா வினையூக்கியையா என்று சொல்ல முடியாது.

அளக்கக் கருவி இருக்கிறதா என்றால், இருக்கிறது. சர்க்கரைத் தலைகீழாக்கலுக்கு இயற்பிய வேதியியல் ஆய்வகத்தில் வைத்திருக்கும், சுழற்சியை அளக்கும் போலாரிமீட்டரே போதும். 2 டெசிமீட்டர் குழாய்க்கு ஒரு குழுவின் விளைபொருள் போதாது, இரண்டு குழுக்களுடையதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சோடியம் விளக்கை முன்கூட்டியே ஏற்றி நிலைப்பட விடுங்கள். ஒளியியல் மிகையைத் துல்லியமாகச் சொல்ல, இரு வடிவங்களையும் பிரித்து அளக்கும் கைரல் எச்.பி.எல்.சி. கருவி வேண்டும். அது கல்லூரிக்கு வேண்டியதில்லை, ஆண்டுக்கு இரண்டு மாதிரிகளைக் கருவி மையம் ஒன்றுக்கு அனுப்பினால் போதும். ஒரு குழுவுக்கு மட்டும் எல்-புரோலினுக்குப் பதில் இரு வடிவங்களும் சமமாகக் கலந்த டி.எல்.-புரோலின் கொடுத்துவிடுங்கள். அதே விளைச்சல், டி.எல்.சி.யில் அதே புள்ளி, சுழற்சி மட்டும் பூச்சியம். இடவேதியியலை ஒரு பருவம் முழுக்கக் கரும்பலகையில் நடத்தினாலும் இந்த ஒற்றை அளவீடு தரும் தெளிவு வராது.

மூன்றாவது சுசுகி. 4-அயோடோபீனால் 550 மி.கி., பினைல்போரானிக் அமிலம் 335 மி.கி., பொட்டாசியம் கார்பனேட் 1.04 கிராம், 10 சதவீத பலேடியம் கரி 10 மி.கி., காய்ச்சி வடித்த நீர் 25 மி.லி. காரைக்குடியின் சம்பை ஊற்றுத் தண்ணீர் குடிக்க எவ்வளவு இனித்தாலும் இதற்கு வேண்டாம். நீரில் 15 நிமிடம் நைட்ரஜன் குமிழ் விட்டபின் 30 நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, 2 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் மெதுவாகச் சேர்க்க வேண்டும். கார்பனேட்டை மட்டும் தீர்க்கவே 7.5 மி.லி. அமிலம் போகும், ஆகவே எண்ணிக்கையை நம்பாமல் லிட்மஸ் சிவக்கும்வரை விடுங்கள். அமிலம் குறைந்தால் விளைபொருள் பீனாக்சைடாக வடிநீரோடு சாக்கடைக்குப் போகும். வடிகட்டிய ஈரத் திண்மத்தை 10 மி.லி. மெத்தனாலில் கரைத்து, கரியை வடித்து நீக்கி, தெளிந்த கரைசலில் நீரைச் சொட்டினால் 4-பினைல்பீனால் வெள்ளைப் படிகமாக இறங்கும். உருகுநிலை 164–166. மொத்தம் வரக்கூடியது 425 மி.கி. 340 கிடைத்தால் 80 சதவீதம், ஒரு பலேடியம் அணு சுமார் 210 முறை சுற்றி வந்திருக்கிறது என்று பொருள். இந்தக் கணக்கை ரெக்கார்டு நோட்டில் மாணவரே போட வேண்டும்.

ஆபத்து மெத்தனாலில்தான் இருக்கிறது. பலேடியம் கரி காய்ந்து, காற்றும் மெத்தனால் ஆவியும் சேர்ந்தால் தீப்பற்றும். உலர்ந்த கரியை மெத்தனாலில் ஒருபோதும் கொட்டக்கூடாது, நீரில் நனைத்த பிறகே கரைப்பான். வடிதாளில் உறிஞ்சியை ஓடவிட்டுக் காயவைக்கக் கூடாது. தாளோடு சேர்த்து நீர் நிரம்பிய மூடிப் புட்டியில் போட்டு வையுங்கள், குப்பைக்கூடையில் அல்ல. பலேடியம் மீட்புக்கும் அது உதவும். வாங்கும்போது இன்னொன்றைப் பார்க்க வேண்டும். பாதுகாப்புக்காகப் பாதி எடை நீரோடு விற்கும் வகையும் உண்டு. அதை எடுத்தால் 10 அல்ல, 20 மி.கி. நிறுக்க வேண்டும்.

போரானிக் அமிலம் பழையதானால் நீரிழந்து மூன்று மூலக்கூறுகள் சேர்ந்த போராக்சினாகக் கிடக்கும். வினை நடக்கும், ஆனால் நிறுத்த எடைக்கு உரிய மோல் மாறியிருக்கும். நைட்ரஜனைச் சரியாக விடாவிட்டால் போரானிக் அமிலம் தன்னோடு தானே சேர்ந்து பைபினைலாகும். டி.எல்.சி.யில் எல்லாவற்றுக்கும் மேலே ஓடும் புள்ளி அது, உருகுநிலை 70 டிகிரி அருகே. தொடக்கப் பொருளும் விளைபொருளும் தட்டில் அருகருகே ஓடுவதால், இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்த நடுக்கோடு இல்லாத தட்டை ஏற்காதீர்கள். அயோடின் போய்விட்டதா என்று சந்தேகம் வந்தால், செப்புக் கம்பியைச் சூடாக்கி விளைபொருளைத் தொட்டுச் சுடரில் காட்டினாலே போதும். பச்சை தெரிந்தால் வினை முடியவில்லை.

இந்தச் சோதனையின் உண்மையான பாடம் விளைச்சலில் இல்லை. ஒரு குழு பலேடியம் இல்லாமல் அதே வினையை ஓட்ட வேண்டும், அதுவும் புதிய கலக்கிக் காந்தத்தோடு. பழைய டெஃப்லான் காந்தத்தின்மேல் படிந்திருக்கும் கருமை பலேடியமாக இருக்கலாம், கண்ணுக்குத் தெரியாத அளவிலும் அது வினையை ஓட்டிவிடும். இன்னொரு குழு எட்டாவது நிமிடத்தில் கரைசலைச் சுடச்சுட வடித்து, கரி இல்லாத வடிநீரை மீண்டும் கொதிக்கவிட வேண்டும். அப்போதும் வினை தொடர்ந்தால், வேலை செய்தது கரியின் மேற்பரப்பா, அதிலிருந்து கரைந்து வந்த பலேடியமா என்ற கேள்வி எழும். ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் மோதிக்கொண்ட கேள்வி அது. 2003-இல் உலோகமே இல்லாமல் சுசுகி வினை நடக்கிறது என்று நிகோலஸ் லெட்பீட்டரின் குழு வெளியிட்டது. 2005-இல் அதே குழு மீண்டும் சோதித்து, கடையில் வாங்கிய சோடியம் கார்பனேட்டில் இருந்த 50 பி.பி.பி. (நூறு கோடியில் 50 பங்கு) அளவுப் பலேடியமே காரணமாக இருக்கலாம் என்று எழுதியது. வினையூக்க ஆய்வாளர் ஒருவரின் தொழில் இதுதான்: தன் முடிவைத் தானே கவிழ்க்கப் பார்ப்பது. வினையூக்கி இல்லாத வெற்று ஓட்டம் ஒன்றைக்கூடச் செய்யாமல் முனைவர் பட்ட ஆய்வுக்குள் நுழைபவருக்கு இதை யாரும் வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது.

ஆகவே மதிப்பெண் பங்கீட்டையும் மாற்றுங்கள். இப்போது விளைச்சலுக்கும் உருகுநிலைக்கும் பெரும்பங்கு போகிறது. அதனால் முந்தைய தொகுதி மாணவரின் படிகம் அடுத்த தொகுதியின் கைக்கு மாறும் வழக்கமும் வருகிறது. எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை. வெற்று ஓட்டம், டி.எல்.சி. தட்டின் படம், வினைச்சுழற்சி எண்ணின் கணக்கு, ஏன் கெட்டது என்ற விளக்கம் ஆகியவற்றுக்குப் பாதி மதிப்பெண் கொடுத்தால் படிகம் கடன் வாங்க யாருக்கும் தேவை இராது. 40 சதவீதமே வந்து காரணத்தைச் சரியாகச் சொன்னவருக்கு, 85 சதவீதம் வந்து காரணம் தெரியாதவரைவிட அதிகம் போட வேண்டும் என்று புறத்தேர்வாளர் குறிப்பில் எழுதிவிடுங்கள்.

செலவு பற்றி நிர்வாகம் கேட்கும். 30 மாணவர்களை இருவர் இருவராகப் பிரித்தால் 15 குடுவை, பலேடியம் கரி 150 மி.கி. ஒரு கிராம் புட்டி ஆறு ஆண்டுக்கு வரும். டெம்போ 120 மி.கி. உண்மையான தடை வேதிப்பொருள் அல்ல, கண்டன்சரில் ஓடும் தண்ணீர். இரட்டைப்படைப் பருவச் செய்முறை ஏப்ரலில் விழுகிறது. மாடித் தொட்டித் தண்ணீர் குழாயில் சூடாகவே வரும். டைஎத்தில் ஈதர் 34.6 டிகிரியிலேயே கொதிப்பது, ஆய்வகத்தின் பிற்பகல் வெப்பத்தில் அதை மூடிய புனலில் குலுக்குவதே ஆபத்து. மேலே எல்லா இடத்திலும் எத்தில் அசிட்டேட்டைச் சொன்னதற்குக் காரணம் அதுதான். கண்டன்சருக்கு ஒரு வாளியில் பனிக்கட்டி போட்டு, ஏர்கூலரில் வரும் சிறிய நீர்மூழ்கிப் பம்பை இறக்கிச் சுற்றவிட்டால் தண்ணீரும் மிச்சம், கரைப்பானும் தப்பாது. பம்பை மின்வெட்டில் நிற்காத இணைப்பில் மாட்டுங்கள். அப்படி இணைப்பு இல்லை என்றால் சூடேற்றியையும் அதே பலகையில் மாட்டி, இரண்டும் ஒன்றாக நிற்கும்படி செய்யுங்கள். மின்சாரம் திரும்பும்போது சூடேற்றி முதலில் உயிர்பெற்றுப் பம்பு அடைத்துக்கொண்டு நின்றால் கண்டன்சர் வறண்டுவிடும். அருகில் ஆள் இருக்க வேண்டும்.

அடுத்த பாடத்திட்டக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை ஒரு பொருளாக வையுங்கள். முதல் பருவத்தில் டெம்போ ஒன்றை மட்டும் சேர்த்தாலும் சரி. செய்முறைக் கையேட்டின் வரைவு, ஆய்வக உதவியாளருக்கான முன்தயாரிப்புப் பட்டியல், பாதுகாப்புத் தாள் மூன்றையும் தமிழில் எழுதித் தருகிறோம். முதல்முறை பலேடியம் கரியை வடிக்கும் நாளில், கேட்கும் கல்லூரிக்கு எங்களில் ஒருவர் வந்து பக்கத்தில் நிற்பார்.

இப்படிக்கு,
காரைக்குடி வட்டாரத்தில் கரிம வினையூக்கத் துறையில் பணிபுரியும் சிலர்